வரியை மறைக்காதீர்கள்... வாட்டத்தை மறையுங்கள்!

('ஐம்பதுக்கு மேல் ஒப்பனை: அழகா, அலங்கோலமா?' என்ற தலைப்பில் லூமுட்டில் நிகழ்ந்த தொலைக்காட்சிப் பேச்சரங்கில், 'அழகே' என்ற அணியில் ஒலித்த உரை)



எதிரணிப் பேச்சாளர் சற்று முன் ஒரு கேள்வி கேட்டார். "கல்யாண மண்டபத்தில் சில அம்மாக்களின் முகத்தைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறதே, இந்த வயதில் இது தேவையா?" என்றார். அரங்கமே கைதட்டியது. கைதட்ட வேண்டியதுதான். அவர் சொன்னதில் பாதி உண்மை.

ஆனால், அவர் எடுத்த உவமையையே இந்த அணியும் எடுத்துக் கொள்கிறது. பழைய சுவருக்கு நல்ல கைவேலைக்காரர் எப்படி வர்ணம் அடிப்பார்? வாளியைத் தூக்கியதும் அப்பி விடுவாரா? முதலில் தூசியைத் தட்டுவார். உதிர்வதைச் சுரண்டுவார். அடிப்பூச்சு கொடுப்பார். காய விடுவார். அதன் பிறகுதான் மெல்லிசாக ஒரு பூச்சு. அதுவும் காய்ந்த பிறகு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இன்னொன்று. இத்தனையும் செய்யாமல் ஒரே பூச்சில் அப்பினால் ஒரு மாதத்தில் வெடித்து உரியும். அப்போது யாரைக் குறை சொல்வது? சுவரையா, வர்ணத்தையா, அடித்த கையையா?

முகமும் அப்படித்தான். வயதும் குற்றவாளி இல்லை, ஒப்பனையும் குற்றவாளி இல்லை. அவசரம்தான் குற்றவாளி!

இரண்டு மங்கு

நம் பேரா மாநிலத்துப் பெண்களின் முகத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கித்தா மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எதிரே தெரிகிற பங்கோர் தீவின் பெயரால் 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. ஆங்கிலேயர் பேராவுக்குள் கால் வைத்தார்கள். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1877-இல், கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன் பிறகு தோட்டங்கள் வந்தன, லயங்கள் வந்தன, கப்பல் கப்பலாக நம் மக்கள் வந்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'மங்கு' என்றால் என்ன? பால் வடியும் குவளை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, மங்கைத் துடைத்து வைத்து, பால் வெட்டி, வெயில் ஏறிய பின் பாலைச் சேர்த்து, வாளி தூக்கி நடந்த அம்மாக்கள் எத்தனை பேர் இந்த அரங்கத்தில் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்... பார்த்தீர்களா, பாதி அரங்கம்!

தமிழ்நாட்டில் போய் 'மங்கு' என்று சொல்லுங்கள். அங்கே அது கன்னத்தில், நெற்றியில், மேலுதட்டில் படரும் கருந்திட்டுக்குப் பெயர். மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள். பிள்ளைப்பேறு, ஹார்மோன் மாற்றம், பரம்பரை என்று காரணங்கள் பல. ஆனால், அதை வளர்த்து விடுவது வெயில். ஆக, நம் அம்மாக்கள் கையில் ஒரு மங்கு, கன்னத்தில் ஒரு மங்கு. கையில் இருந்த மங்கை வேலையை விட்ட அன்றே இறக்கி வைத்து விட்டார்கள். கன்னத்து மங்கு மட்டும் கூடவே தாமான் வீட்டுக்கும் வந்து விட்டது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முகத்தில் ஃபவுண்டேஷனைத் தட்டிப் பூசுகிற முக்கோணப் பஞ்சு இருக்கிறதே, அந்த வகையில் ரப்பர் பாலில் செய்யப்படுபவையும் உண்டு. ரப்பர் பாலை நுரைக்க அடித்துப் பஞ்சாக்கும் முறையை டன்லப் நிறுவனத்தார் 1929-இல் கண்டுபிடித்தார்கள். நம் பாட்டி வெட்டிய பால் கடல் கடந்து போனது. யாரோ ஒரு சீமாட்டியின் கன்னத்தைத் தடவியது. அந்தப் பஞ்சு இன்று பாட்டியின் பேத்தி கைக்கு வந்திருக்கிறது. "பாட்டி, கொஞ்சம் முகத்தைக் காட்டுங்களேன்" என்று பேத்தி கூப்பிட்டால், "கூடாது, உங்களுக்கு வயதாகி விட்டது" என்று சொல்ல எதிரணிக்கு மனம் வருமா?

அந்தக் கிரீம் டப்பா

இங்கே நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்லப் போவது வேடிக்கை இல்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி விட்டது. அம்மா கண்ணாடி பார்க்கிறார். கன்னத்தில் கருப்பு. கண்ணுக்குக் கீழே கருப்பு. சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படி நிற்பது என்று மனம் கூசுகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சின்ன டப்பாவைக் கொடுக்கிறார். "ராத்திரி பூசிப் படு, ரெண்டே வாரத்துல பளிச்சுனு ஆயிடும்." பசார் மாலாமில் வாங்கியது. கைப்பேசியில் ஆர்டர் செய்தது. டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, சேர்மானம் இல்லை. உண்மையிலேயே இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கிறது. அம்மாவுக்கு மகிழ்ச்சி. அதுதான் ஆபத்து!

அப்படிப்பட்ட டப்பாக்கள் பலவற்றில் இருப்பது பாதரசம். தோலில் நிறமி உண்டாவதைப் பாதரச உப்பு தடுத்து விடுகிறது. அதனால் முகம் வெளுக்கிறது. ஆனால், பூசியது தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளாவில், மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் இருக்கும் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, சாதாரணமாக அரிதாகவே காணப்படும் ஓர் உட்பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! 'கிட்னி இன்டர்நேஷனல்' என்ற மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

கேரளாவில்தானே என்று நினைக்காதீர்கள். நம் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின் கலந்த முகக் கிரீம்களின் பெயர்களை மீண்டும் மீண்டும் அறிவித்து விற்பனைக்குத் தடை போட்டு வருகிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகவே இதைப் பற்றிக் குரல் கொடுத்து வருகிறது. டிரெடினோயினும் ஹைட்ரோகுவினோனும் தோல் மருத்துவர் கையில் மருந்து. யாரென்று தெரியாதவர் கலக்கிக் கொடுத்தால் வினை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மலேசியாவில் 2008 முதல் ஒவ்வோர் அழகுப் பொருளும் விற்பனைக்கு வருமுன் அறிவிப்பு எண் பெற வேண்டும். 'என்.ஓ.டி.' என்று மூன்று ஆங்கில எழுத்து, அடுத்து ஒன்பது இலக்கங்கள், கடைசியில் 'கே'. அந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணைப் பொய்யாக அச்சடிப்பவர்களும் உண்டு என்பதால், டப்பாவில் எண் இருப்பது மட்டும் போதாது. அங்கே வருகிற பொருளின் பெயர் டப்பாவில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும். இன்னோர் அடையாளமும் உண்டு. "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக் கொள்ளவும்" என்று ஒரு முகக் கிரீமில் எழுதியிருந்தால், அதைக் குப்பையில் போட்டு விடுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக் கொள்ளும். தங்கத்தில் படக் கூடாததை, தங்கத்தை விட விலை உயர்ந்த உங்கள் கன்னத்தில் பூசலாமா?

இங்கேதான் இந்த அணியின் வாதம் வருகிறது. அந்த அம்மாவிடம் "வயதாகி விட்டது, உனக்கு எதற்கு அழகு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஆசையை விட்டு விட மாட்டார். ஆசையை ஒளித்து வைத்துக் கொள்வார். ஒளித்து வைத்த ஆசைதான் யாருக்கும் தெரியாமல் அந்த டப்பாவைத் தேடிப் போகிறது. மாறாக, அவர் மகள் உட்கார்ந்து, "வாங்கம்மா, அரை மணி நேரத்துல சரி பண்ணிடலாம்" என்று சொன்னால்? ஃபவுண்டேஷன் இரவில் கழுவினால் போய் விடும். அந்தக் கிரீம் கழுவினாலும் போகாது! நேர்மையான மறைப்பா, திருட்டு வெளுப்பா என்பதுதான் இன்றைய கேள்வி. பட்டிமன்றத் தலைப்பை யார் எப்படி வைத்தாலும், வீட்டில் நடக்கிற பட்டிமன்றம் இதுதான்.

முகம் ஏன் மாறுகிறது?

சரி, இருபது வயதில் எப்படிப் பூசினாலும் நிற்கிற பூச்சு, ஐம்பதில் ஏன் வெடிக்கிறது? மூன்று காரணங்கள்.

ஒன்று, எண்ணெய் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு தோலில் எண்ணெய்ச் சுரப்பும் ஈரப்பிடிப்பும் இறங்குகின்றன. காய்ந்த நிலம் நீரை உறிஞ்சுவது போல, காய்ந்த தோல் ஃபவுண்டேஷனில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொண்டு நிறப்பொடியை மட்டும் மேலே விட்டு விடுகிறது. அதுதான் திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

இரண்டு, தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்து விடுகிறது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தோல் மெலிகிறது. வரி விழுகிறது. சிரித்தால் மடிகிறது. கையால் தேய்த்த பூச்சு அந்த மடிப்பில் போய் உட்காருகிறது.

மூன்று, நிறம் சமமாக இருப்பதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு முதலில் வருவது சுருக்கம். நம்மவர்களுக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். நம் தோலில் உள்ள நிறமி கொடுக்கும் கொடை அது. ஆனால், அதே நிறமி நெற்றியிலும் வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழேயும் கூடிக் கருக்கிறது. எனவே, வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர்கள் முகத்துக்கு எழுதியதை நம் முகத்தில் அப்படியே செய்தால் பொருந்தாது.

பூசும் முறை இதுதான்

அம்மாக்களே, வீட்டுக்குப் போனதும் மறந்து விடாமல் இருக்க வரிசையாகக் கேளுங்கள்.

முதல் படி, நீர். மென்மையான சோப்பில் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் முழுவதும் காயுமுன்னே மாய்ஸ்சரைசர். அதன் மேல் சன்ஸ்கிரீன். பிறகு? பிறகு ஒன்றும் செய்யாதீர்கள்! ஐந்து முதல் பத்து நிமிடம் சும்மா இருங்கள். சேலைக்குக் கொசுவம் வையுங்கள், தலை பின்னுங்கள். இந்தப் பத்து நிமிடப் பொறுமையில்தான் பாதி வெற்றி. பொறுக்காமல் பூசினால், அடியில் இருப்பதும் மேலே வருவதும் கலந்து திரி திரியாக உருளும். ஒன்று நீரை அடிப்படையாகக் கொண்டது, இன்னொன்று சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்டது என்றாலும் இப்படி உருண்டு வரலாம். அப்படி நடந்தால் இரண்டில் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாம் படி, நிறம். நம்மில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கடையில் போய்ப் புறங்கையில் தடவிப் பார்க்கிறோம். கை நிறம் வேறு, முக நிறம் வேறு. தாடை ஓரத்தில், கழுத்தை ஒட்டி மூன்று நிறங்களைக் கோடு கோடாகப் போடுங்கள். கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறதோ அதுதான் உங்கள் நிறம். 'கொஞ்சம் வெளுப்பாக இருக்கட்டுமே' என்று ஒரு படி மேலே எடுத்தால் முகம் சிவப்பாகாது, சாம்பல் பூத்து விடும்! பூச்சில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி கருத்த தோலின் மேல் சாம்பலாகத்தான் தெரியும். பெரும்பாலான நம் முகங்களுக்கு அடியில் மஞ்சளோ பொன்னிறமோ ஓடுகிறது. ரோஸ் நிறப் பூச்சு அதில் ஒட்டாது.

ஒரு காலத்தில் இதற்கு நாம் என்ன செய்தும் பயனில்லை. கடையில் நம் நிறமே இருக்காது. 2017-இல் பாடகி ரிஹானா தம் நிறுவனத்தின் மூலம் ஒரே நேரத்தில் 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் வெளியிட்டார். கருத்த நிறங்கள் முதலில் தீர்ந்து போனதைக் கண்டு மற்ற நிறுவனங்களும் விழித்துக் கொண்டன. இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம்கூட 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட நேர்ந்தது. உலகமே நம் நிறத்தை ஏற்றுக்கொள்ளத் தொடங்கி விட்டது. நாம் மட்டும் ஏற்க மறுத்தால் எப்படி?

மூன்றாம் படி, கண்ணுக்குக் கீழே. நேராகக் கன்சீலரை எடுக்காதீர்கள். நம் கருவளையம் வெறும் கருப்பு இல்லை, நீலமும் பழுப்பும் கலந்தது. அதன் மேல் வெளிர் நிறம் பூசினால் மறுபடியும் சாம்பல்தான். முதலில் ஆரஞ்சு அல்லது பீச் நிறத் திருத்தியை அரிசி மணி அளவு எடுத்து, கருப்பு அதிகமான இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். கோலத்துக்குக் காவி கட்டுவது போல, ஒரு நிறம் இன்னொன்றைச் சமன் செய்யும். பெரும்பாலும் அது மூக்கை ஒட்டிய உள் ஓரத்தில்தான் இருக்கும்.

நான்காம் படி, ஃபவுண்டேஷன். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். மூக்கின் இரு பக்கமும் நடுவில் தொடங்கி வெளிப்புறமாக மெலிந்து கொண்டே போக வேண்டும். பஞ்சை நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, இட்லி மாவில் விரல் வைத்துப் பார்ப்பது போல மெதுவாகத் தட்டுங்கள். இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. நெற்றியில் குங்குமம், விபூதி இடுகிற இடத்தில் பூச்சு வேண்டாம், சும்மா விட்டு விடுங்கள். பொட்டு ஒட்டும், குங்குமம் கலங்காது.

ஐந்தாம் படிதான் கன்சீலர். ஃபவுண்டேஷன் போட்ட பிறகே எது பாக்கி என்று தெரியும். பல நேரம் பாக்கி கொஞ்சம்தான் இருக்கும். மங்கு உள்ள இடத்தில் ஒரு புள்ளி, கண்ணோரத்தில் ஒரு புள்ளி. மோதிர விரலால் ஒற்றுங்கள். விரல்களிலேயே அழுத்தம் குறைவாகக் கொடுப்பது மோதிர விரல்தான், அதனால். புள்ளியின் நடுவைத் தொடாமல் ஓரங்களை மட்டும் கரையுங்கள். கண்ணின் வெளி ஓரத்தில் சிரிப்பு வரி இருக்கிறதே, அங்கே போகவே போகாதீர்கள். கன்சீலர் நிறத்தை மறைக்கும், பள்ளத்தை மறைக்காது. வரியில் பூசினால் வரிக்குக் கோடு போட்டுக் காட்டியது போலாகும். கண்ணுக்குக் கீழே குழி விழுந்த நிழலும் அப்படித்தான். நிழலை வர்ணத்தால் அழிக்க முடியாது.

ஆறாம் படி, பவுடர். நம் வீடுகளில் குட்டிகுரா டப்பாவைத் திறந்து முகம் முழுக்கப் பூசிய பழக்கம் உண்டு. அந்தக் கை இங்கேயும் வந்து விடும், கவனம்! ஒரு நிமிடம் பொறுத்து, கண்ணுக்குக் கீழே மடிப்பில் சேர்ந்ததை விரலால் ஒற்றிச் சமப்படுத்துங்கள். பிறகு நெற்றி, மூக்கு, மோவாய் மூன்று இடத்தில் மட்டும் மெல்லிய பிரஷால் பவுடர். கன்னத்தை விடுங்கள். கல்யாணப் படத்தில் சிலருக்குக் கண்ணுக்குக் கீழே மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே, பவுடரில் உள்ள சிலிக்கா கேமரா வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வருவது அது. வீட்டிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்து விட்டுக் கிளம்புங்கள்.

மாசிமகத்துச் சோதனை

இது குளிர்சாதன மண்டபத்துக்குச் சரி, நம் ஊர் வெயிலுக்கு நிற்குமா என்று ஓர் அக்கா முன்வரிசையில் கேட்கிறார். நியாயமான கேள்வி. மாசிமகத்துக்குப் பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்துக்குப் படகேறும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே வெயில், முகத்தில் உப்புக் காற்று, கையில் அர்ச்சனைத் தட்டு. வியர்வை ஆறாக ஓடுகிறது. அங்கே செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று. வியர்வையின் மேல் பவுடர் போடுவது! அது களிமண் ஆகி விடும். டிஷ்யூ தாளைப் பிரித்து வைத்து ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் நனைத்த பஞ்சால் ஒரு தட்டு. அவ்வளவுதான். கோயிலுக்கும் சந்தைக்கும் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் மட்டுமே போதும். அதில் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு என்ற நிறப்பொடி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. மங்கு கருப்பதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. ஆக, மறைப்பதே மருந்துக்கும் துணையாகிறது.

இரவில் வீடு திரும்பியதும் எவ்வளவு களைப்பானாலும் பூச்சோடு படுக்காதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள துடைப்பான் கொண்டு துடைத்து, பிறகு கழுவி, மாய்ஸ்சரைசர் தடவுங்கள். பஞ்சை வாரத்துக்கு ஒரு முறையாவது சோப்பில் கழுவிக் காற்றில் காய வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பஞ்சுக்குள் பூசணம் பிடிக்கும். டப்பாவின் பின்புறம் திறந்த மூடி படம் போட்டு 12 என்று எழுதியிருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள். "காசு கொடுத்து வாங்கினது" என்று ஐந்து வருடம் வைத்திருக்காதீர்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் ரப்பர் பால் கலக்காத பஞ்சு வாங்குங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்தால் அதன் மேல் கன்சீலர் பூசிக் கொண்டே இருக்காதீர்கள். பொட்டை நிறுத்தி விட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். திடீரென்று வளர்கிற, இரத்தம் கசிகிற, நிறம் மாறுகிற மச்சமும் அப்படித்தான். அது மறைக்க வேண்டியது இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

அரிதாரம் என்றால்...

எதிரணித் தலைவர் கடைசியாக ஒன்று சொன்னார். "அரிதாரம் பூசுவது நடிகர்களுக்கு, குடும்பப் பெண்களுக்கு எதற்கு?" என்றார். அரிதாரம் என்பது என்ன தெரியுமா? ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. அந்தக் காலத்துக் கூத்துக் கலைஞர்கள் வேறு வழியில்லாமல் அதைக் குழைத்து முகத்தில் பூசினார்கள். இன்று அப்படிப்பட்ட நஞ்சைப் பூச வேண்டிய கட்டாயம் கூத்து மேடையில் இல்லை. ஆனால், கூச்சப்பட்டு ஒளிந்து கொள்கிற நம் குடும்பப் பெண்கள்தான், தெரியாமல் பாதரசத்தைப் பூசிக் கொண்டிருக்கிறார்கள். நஞ்சு மேடையிலிருந்து இறங்கிப் படுக்கையறைக்கு வந்து விட்டது. அதை விரட்டத்தான் இந்த அணி பேசுகிறது.

ஒப்பனை வெறும் பகட்டு என்பவர்களுக்கு ஒரு பெண்ணின் கதை. அமெரிக்காவில் லிடியா ஓ'லியரி என்று ஒருவர். பிறவியிலேயே முகத்தில் பெரிய செம்மச்சம். அதனாலேயே அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஓவியம் படித்தவர். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தால் மறைக்கும் கலை அவருக்குத் தெரியும். அதைக் கொண்டு தம் மச்சத்தை மறைக்கும் பூச்சு ஒன்றைத் தாமே செய்தார். 1932-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தீக்காயம் பட்டவர்களும் தழும்பு உள்ளவர்களும் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க அந்தப் பூச்சு உதவியது. இன்று நம் கைப்பையில் இருக்கிற கன்சீலரின் மூதாட்டி அவர். அவர் தேடியது அழகுப் பட்டம் இல்லை. நாலு பேர் முன்னால் கூசாமல் நிற்கும் உரிமை.

நம் அம்மாவும் அதைத்தான் தேடுகிறார். அவரிடம் "உனக்கெதற்கு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். பிள்ளைகளே, நாளைக்கே அம்மாவின் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத டப்பா இருந்தால் எடுத்து விடுங்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் திட்டாதீர்கள். டப்பாவையும் கையில் எடுத்துக் கொண்டு கிளினிக்குக்கு அழைத்துப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கால் வீக்கம், முக வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வரும் வழியில் அவர் நிறத்துக்குப் பொருந்துகிற ஒரு சின்ன ஃபவுண்டேஷன் வாங்கிக் கொடுங்கள்.

"வயசான காலத்துல எதுக்குடி எனக்கு மேக்கப்பு?" என்று அம்மா வெட்கப்படுவார். அந்த வெட்கத்தைப் பாருங்கள், அதை விட நல்ல ஒப்பனை எந்தக் கடையிலும் இல்லை. "சும்மா உக்காருங்கம்மா" என்று நாற்காலியை வாசல் வெளிச்சத்தில் போடுங்கள். கண்ணோரத்துச் சிரிப்பு வரியை மட்டும் தொடாமல் விடுங்கள். அந்த வரி, நாம் சிறு வயதில் செய்த குறும்புக்கெல்லாம் அவர் சிரித்த சிரிப்பு. அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. வாட்டத்தை மட்டும் மறையுங்கள்.

ஐம்பதுக்கு மேல் ஒப்பனை அழகே, அழகே என்கிறது இந்த அணி.